இரண்டெழுத்துப் பெயர்கள்

எதிர்காலக் கற்பனை நாவல்களுள் எதனை முதலிற் படிக்கலாம் என வினவும் மாணவர்க்கு, ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' என்னும் நூலையே பலரும் சுட்டுவர். யான் அதற்கு முன் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் பரிந்துரைப்பேன்.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அந்நாவலில், ஜீவா என்பானின் ஆட்சியிற் குடிமக்களின் ஆயுளை அரசே வரையறுக்கின்றது. பெயருக்கும் இரண்டெழுத்தே அளவு. நிலா, சிபி, ரவி, மனோ. கேட்க இனிய பெயர்கள்தாம். ஆயின் எவர் மக்கள், எவ்வூரார், எக்குலத்தார் என்னுந் தடயம் அவற்றில் இல்லை. தந்தை பெயரையுந் தன் பெயரோடு தாங்கி நடக்குங் கல்முனை வாசகர்க்கு இஃது எளிதிற் கடந்து செல்லத்தக்க வேடிக்கையன்று. போர்க்காலச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டித் தன் பெயருக்கே அஞ்சி நின்றோர், அத்தகைய பெயரொன்று தமக்கும் வாய்த்திராதா என ஒரு கணம் ஏங்கவுங் கூடும். அவ்வேக்கத்திலேதான் ஜீவாவின் ஆட்சி வேரூன்றுகின்றது. ஓர்வெல்லைப் படிக்கையில் இவ்வாறு என்னையே யான் ஐயுற்றதில்லை.

குறையும் உண்டு. ஜீனோ என்னும் இயந்திர நாய் வாய்திறந்ததும் கதையின் அச்சம் தளர்ந்துவிடுகின்றது. ஆயினும், அந்நாய்க்காகவே மாணவர் நூலை முடிப்பர். முடித்தபின் ஓர்வெல்லை எடுக்கட்டும்.