ஹாரிங்டன் கணக்கு

ஹோல்டெம் ஆட்டத்தில் கைக்கு இரண்டு நாலு வந்தால் ஆடலாமா, கவிழ்த்துவிடலாமா? பெரும்பாலான போக்கர் புத்தகங்கள் இதற்கு ஒரு பட்டியலைப் பார்த்து விடை சொல்லும். டான் ஹாரிங்டனும் பில் ராபர்ட்டியும் சேர்ந்து எழுதிய ‘ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்’ நூலின் இரண்டாம் தொகுதி (2005), உங்களுக்கு இன்னும் எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது. டூர்னமென்ட் ஆட்டத்தைச் சொல்லித்தரும் நூல்களில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம் பிளைண்ட். ஆட்டம் வளர வளர, எல்லோரும் ஆன்ட்டி என்று ஒரு சிறு தொகையும் வைக்க வேண்டும். இரண்டும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஏறும். ஒரு கைகூட ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் சிப் கரைந்துகொண்டே இருக்கும். அந்த வேகத்தை அளக்கும் எண்தான் ‘எம்’. பேக்கேமன் மேதை பால் மாக்ரியலின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது.

பிளைண்ட் 300, 600 என்றும், மேஜையில் பத்துப் பேர் தலைக்கு 50 ஆன்ட்டி வைக்கிறார்கள் என்றும் கொள்வோம். ஒரு சுற்று முடிவதற்குள் உங்களிடமிருந்து 1,400 போய்விடும். உங்களிடம் 9,800 சிப் இருந்தால் ஏழு சுற்றுக்குத் தாங்கும்; அதாவது எம் 7. இருபதும் அதற்கு மேலும் பச்சை மண்டலம், பத்து முதல் இருபது வரை மஞ்சள், ஆறு முதல் பத்து வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு. ஒன்றுக்கும் கீழே இறங்கினால் செத்த மண்டலம் என்றே ஹாரிங்டன் பெயர் வைத்திருக்கிறார்.

இப்போது அந்த இரண்டு நாலுக்குத் திரும்புவோம். பச்சையில் இருக்கும்போது குறைந்த செலவில் ஃப்ளாப்பை, அதாவது மேஜை நடுவே விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளை, பார்த்துவிடலாம். எட்டு, ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான் மூன்றாவது நாலு விழும். விழுந்தால் எதிராளியின் பெருங்குவியலே கைக்கு வரும் வாய்ப்பு உண்டு. எம் 7-க்கு இறங்கிவிட்டால் அந்தக் காத்திருப்புக்குக் கட்டுபடியாகாது. தவறும் ஒவ்வொரு முறையும் குவியலில் கணிசமான பங்கு போகும், விழுந்தாலும் கிடைப்பது சொற்பம். சிவப்பு மண்டலத்திலோ, எவரும் இன்னும் பந்தயம் வைக்காதபோது, அதே நாலு ஜோடியை வைத்து முழுக் குவியலையும் தள்ளிவிடலாம். மற்றவர்கள் கவிழ்த்துவிடும் வாய்ப்பே அங்கே பாதி லாபம். ஒரே ஜோடிக்கு மூன்று விலை! இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு அங்கேயும் நிற்பதில்லை. அந்த மேஜையில் ஐந்தே பேர் மிஞ்சினால் பிளைண்ட் இரட்டை வேகத்தில் சுற்றி வரும். ஆன்ட்டி பாதியானதால் எம் எட்டரை என்று கொஞ்சம் ஏறியதுபோல் தெரியும். ஆனால் ஆள் குறைந்த அளவுக்கு அதையும் பாதியாக்கினால் மிஞ்சுவது நாலேகால். சிப் ஒன்றுகூடக் குறையாமல் சிவப்புக்குள் வந்துவிட்டீர்கள்.

சொல்லித்தரும் விதமும் தேர்ந்தது. எதிராளிகளின் குணம், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யாரிடம் எவ்வளவு என்று எல்லாம் தந்து, உங்கள் முடிவைக் கேட்டு, அப்புறம்தான் விடைக்குப் போகிறார்கள். ராபர்ட்டி இரண்டு முறை பேக்கேமன் உலக சாம்பியன். ஹாரிங்டனும் செஸ், பேக்கேமன் இரண்டிலும் தேர்ந்தவர். புதிர் கொடுத்துப் பழக்கும் இந்த முறை அந்த ஆட்டங்களின் நூல்களிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

ஹாரிங்டன் 1995-இல் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியை வென்றவர். 2003-இல் 839 பேரில் மூன்றாமிடம், மறு வருடமே 2,576 பேரில் நாலாமிடம். நிதானமாக ஆடுபவர் என்று பெயர் வாங்கியவர்; அந்தப் பெயரையே ஆயுதமாக்கிய கை ஒன்று 2004 இறுதி மேஜையில் நடந்தது. ஜாஷ் ஆரியே பந்தயத்தை ஏற்றினார், கிரெக் ரேமர் அதற்குச் சமமாக வைத்தார். ஹாரிங்டன் கையில் ஆறும் இரண்டும், குப்பைச் சீட்டு. பெரிதாக ஏற்றினார்; எல்லோரும் கவிழ்த்தார்கள். சமமாக மட்டும் வைத்தவரிடம் பெரும்பாலும் பெரிய சீட்டு இருக்காது. இருந்தால் அவரே ஏற்றியிருப்பார். முதலில் ஏற்றியவருக்கோ முன்னாலும் ஒருவர், பின்னாலும் ஒருவர். நடுவில் மாட்டிக்கொண்டவர் நல்ல சீட்டையும் விட்டுவிடுவார். அந்த இடுக்கிப்பிடியின் தர்க்கம் நூலில் முழுசாக இருக்கிறது.

எப்போதும் ஒரே மாதிரி ஆடினால் மாட்டிக்கொள்வோம் என்பதால், கைக்கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லும் இடமும் எனக்குப் பிடித்தது. பத்தில் எட்டு முறை ஏற்ற நினைத்தால், முள் நாற்பத்தெட்டுக்குள் இருக்கும்போது ஏற்றுங்கள். தாண்டியிருந்தால் சமமாக மட்டும் வையுங்கள்.

நூலில் பழசாகிப்போன பகுதிகளும் உண்டு. பெரிய பிளைண்டைப்போல் மூன்று, நாலு மடங்கு ஏற்றும் பழக்கம் இப்போது இரண்டு, இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. கணினி நிரல்கள் பல விடைகளைத் திருத்திவிட்டன. இன்றைய ஆட்டக்காரர்கள் ‘எம்’ கணக்கை விட்டு, குவியலில் எத்தனை பெரிய பிளைண்ட் என்றுதான் எண்ணுகிறார்கள். ஆன்ட்டியையும் சேர்த்துக்கொள்ளும் எம்தான் நேர்மையான அளவு என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

பணம் வைத்து ஆடும் எண்ணமே இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். இரண்டாம் தொகுதியை எடுத்து, விடைப் பகுதியை ஒரு தாளால் மூடி, உங்கள் முடிவைப் பென்சிலால் எழுதிய பிறகே தாளை நகர்த்துங்கள்.