'அனீமியா': அசையும் ஒலிப்பும் சொல்லுறுப்பும்

முன்னுரை

2022 சனவரியில் தமிழகத்தில் திறக்கப்பெற்ற 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திண்டுக்கல் கல்லூரியும் ஒன்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் வழங்கப்பெறும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டால் தமிழ்வழியில் பயின்றோரும் இத்தகு கல்லூரிகளில் சேர்கின்றனர். அவர்கள் எதிர்கொள்ளும் கிரேக்கவழிக் கலைச்சொற்களைப் பிரித்துணரத் தமிழிலக்கணமே துணைசெய்யும் என்பதற்கு 'அனீமியா' தக்க சான்றாகும்.

அசையும் ஒலிப்பும்

ஆங்கிலத்தில் இச்சொல் நான்கு அசைகளை உடையது. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். தமிழ் யாப்பு நோக்கில் 'அனீ', 'மியா' என இரு நிரையசைகளாகிக் கருவிளம் என்னும் வாய்பாடு பெறும். 'அனிமியா' எனக் குறிலிட்டு எழுதினும் வாய்பாடு மாறாது. ஆயின் அழுத்தம் விழும் இடம் மறைந்துவிடும். எனவே நெடில் வடிவே கொள்ளத்தக்கது. ஈற்றில் இகரத்திற்கும் ஆகாரத்திற்கும் இடையே யகரம் தோன்றுவது உடம்படுமெய் விதிக்கு இயைந்ததே.

சொல்லுறுப்புகள்

கிரேக்கத்தில் 'அன்' இன்மை குறிக்கும் முன்னொட்டு, 'ஹைமா' குருதி, 'இயா' நிலையைக் குறிக்கும் ஈறு. கூட்டுச்சொல்லில் ஹகர ஒலி மறைய, இலத்தீன் வழி ஆங்கிலத்தில் 'ஈமியா' என்றாயிற்று. மெய்யீற்றின்மேல் உயிர் ஏற, அன்+ஈமியா 'அனீமியா' ஆகிறது. 'அநீதி' போல அ+நீமியா எனப் பிரித்தல் பிழை. 'அநேகம்' (அன்+ஏகம்) போன்றதே இது. முன்னொட்டின் ஈறு னகரமாதலின் 'அநீமியா' என்பதினும் 'அனீமியா' பொருத்தமானது.

உயிர்மெய் எழுத்து உறுப்பெல்லையை மறைப்பதால் தலசீமியா, யுரீமியா ஆகியவற்றிலும் 'ஈமியா' எளிதில் புலப்படுவதில்லை. 'லுகேமியா' என்னும் எழுத்து வழக்கு இவ்வுறவை மேலும் மறைக்கிறது. 'லுகீமியா' எனின் விளங்கும். அவ்வாறே, 'ஹீமோகுளோபின்' என்பதினும் 'ஈமோகுளோபின்' என்னும் வடிவம் ஈமியாவோடுள்ள உறவைத் தெளிவாகக் காட்டும்.

பெயர்ப்பின் தகுதி

உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துக் 'குருதியின்மை' என்பது பிழையாகும். இந்நோயில் குருதி இல்லாமற் போவதில்லை. ஈமோகுளோபின் அளவே குறைகிறது. கருவுறாத பெண்டிர்க்கு 100 மில்லிலிட்டரில் 12 கிராமுக்குக் குறைவதை உலக நலவாழ்வு நிறுவனம் எல்லையாகக் கொள்கிறது. தமிழகத்தின் 'இரத்தசோகை', ஈழத்தின் 'குருதிச்சோகை' ஆகியன முன்னொட்டைப் பெயர்க்காது, மரபு மருத்துவச் சொல்லாகிய 'சோகை'யைக் கொண்டமை ஏற்புடையது. ஆயினும் அச்சொற்களால் தலசீமியா, லுகீமியா ஆகியவற்றோடுள்ள உறவை அறிய இயலாது.

முடிவுரை

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்டிருள் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர். ஆதலின் திண்டுக்கல் சிற்றூர்ப் பெண்ணிடம் மருத்துவர் 'இரத்தசோகை' என்றே கூறல் வேண்டும். வகுப்பறையிலோ அன்+ஈமியா எனப் புணர்ச்சி விதியால் பிரித்துக் காட்டல் வேண்டும். சொற்பிரிப்பு நினைவுக்குத் துணையேயன்றி நோயின் வரையறை ஆகாது.