காத்திருக்காதவள்

அட்டுவம்பட்டியில், மகளிர் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு அறையில், சில மாணவிகளோடு சிவரமணியின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். முல்லைப்பாட்டைப் பாடமாகப் படித்த ஒரு பெண் கேட்டாள்: "இவங்க யாருக்காகக் காத்திருக்காங்க, சார்?" நியாயமான கேள்வி. உடனே பதில் வரவில்லை.

போர்க்காலத்தில் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு நம் மரபு பெரும்பாலும் இரண்டு வேலைகளையே வைத்திருக்கிறது. ஒன்று, இருத்தல். பாசறைக்குப் போனவன் திரும்பும்வரை ஆற்றியிருப்பது. மற்றது, அனுப்புதல். ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டில் (279) தாய் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். இரண்டிலும் போர் வேறெங்கோ நடக்கிறது.

சிவரமணி 1968இல் பிறந்தவர். 1983க்குப் பிந்தைய யாழ்ப்பாணத்தில் எழுதியவர். பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுப்பில் அவரும் உண்டு. அவருடைய பிரக்ஞையில் களம் வேறு, வீடு வேறு அல்ல. யுத்தகால இரவைப் பற்றிய கவிதையில் குழந்தைகள் சீக்கிரமே பெரியவர்களாகிவிடுகிறார்கள். விளையாட்டில் தடி துப்பாக்கியாகிறது, தோழன் எதிரியாகிறான். இங்கே வேலை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம் என்ற நிலைகூட வீட்டுப் பெண்ணுக்கு இல்லை. பார்க்கிறாள், பார்த்ததைச் சொல்கிறாள். ஒப்பாரியும் இல்லை, வீரப் பிரகடனமும் இல்லை. இக்கவிதைகளின் சாதனை அதுதான்.

1991 மே 19இல், 22 வயதில், கைவசமிருந்த தன் கவிதைகளை எரித்துவிட்டு அவர் தற்கொலை செய்துகொண்டார். அன்றிலிருந்து நாம் அவரைப் பின்னாலிருந்து வாசிக்கிறோம். ஒவ்வொரு வரியும் சாவின் முன்னறிவிப்பாகிவிடுகிறது. அனுதாபம் போலத் தோன்றும் இது விமர்சனச் சோம்பல். காத்திருந்தவளைப் போற்றிய மரபு இப்போது இறந்தவளைப் போற்றுகிறது. நடுவே வாழ்ந்து, யோசித்து, எழுதியவள் காணாமல் போகிறாள். எரிந்தவற்றை நாம் இனி வாசிக்க முடியாது. எஞ்சியவற்றையாவது அவை எழுதப்பட்ட நாளில் வைத்து வாசிக்கலாம்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "காத்திருக்கலேம்மா. யுத்தம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது."

"அப்போ இது எந்தத் திணை, சார்?" என்றாள்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.