ரஸிகர்களின் அபிப்பிராயம்

பிரேஸில் நாட்டில் கால்பந்து ரஸிகனுக்கு 'டோர்ஸெடோர்' என்று பெயர். முறுக்குகிறவன் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆட்டம் பார்க்கிறபோது கவலையில் கையிலிருக்கிற துணியை முறுக்கிப் பிழிவதால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ வேறொரு காரணமும் தோன்றுகிறது. ஆட்டம் முடிந்த பிறகு, நடந்த ஆட்டத்தையே அவன் சற்று முறுக்கிவிடுகிறான்.

நான் பந்தாடத் தெரிந்தவன் அல்ல. வியூகங்களைப் பற்றி நிபுணர்களோடு வாதாடவும் எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ரஸிகர்களின் அபிப்பிராயங்கள் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். அவற்றால் வாழ்கிறவனும் அவன்தான், அடிபடுகிறவனும் அவன்தான். உலகக் கோப்பையில் தங்கள் நாட்டு அணி ஆடிய விதத்தைப் பற்றிப் பிரேஸில்காரர்கள் எழுபது எண்பது வருஷங்களாகச் சொல்லிவருவதைப் படித்தபோது, நாவல் விமரிசனத்தைப் பற்றிப் படிப்பது போலவே எனக்கு இருந்தது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் 1982-ஆம் வருஷத்து அணியைச் சொல்லவேண்டும். ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பை அது. டெலே ஸந்தானா பயிற்சியாளர். ஸீக்கோ, ஸோக்ரடீஸ், ஃபல்காவ், ஸெரேஸோ என்று நடுக்களத்தில் நான்கு பேர். அவர்கள் பந்தைக் கடத்துவதைப் பார்த்தால் நல்ல பேச்சுக்காரர்கள் நால்வர் உட்கார்ந்து சம்பாஷிப்பதுபோல் இருக்கும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பார். சோவியத் யூனியனை 2-1, ஸ்காட்லாந்தை 4-1, நியூஸிலாந்தை 4-0, அர்ஜென்டினாவை 3-1 என்று ஜெயித்து வந்தார்கள். ஜூலை 5-ஆம் தேதி பார்ஸலோனா நகரத்து ஸாரியா மைதானத்தில் இத்தாலியுடன் ஆட்டம். சமன் செய்தாலே அரை இறுதிக்குப் போய்விடலாம். 2-3 என்று தோற்றார்கள். இத்தாலியின் மூன்று கோல்களையும் பாவ்லோ ரோஸ்ஸி போட்டார்.

தோல்விக்குப் பிரேஸில் ரஸிகர்கள் சொன்ன காரணங்கள் அநேகம். கோல்கீப்பர் சரியில்லை என்றார்கள். சென்டர் ஃபார்வர்டு ஸெர்ஜின்யோவுக்கு மற்றவர்களுடைய நயம் இல்லை என்றார்கள். வலது ஓரத்தில் ஆளே இல்லை என்றார்கள். எல்லாவற்றையும் விட அதிகமாகச் சொல்லப்பட்டது ஒன்று உண்டு. 2-2 என்று ஆனபோது, தற்காத்துக்கொண்டு நின்றிருந்தால் போதும். அழகுக்காக மேலும் மேலும் தாக்கப்போய் அழிந்தார்கள் என்பது. கேட்பதற்கு மிகவும் நன்றாக இருக்கிறது. அழகின் மேல் வைத்த ஆசையால் அழிந்தவன் என்றால், அது அந்தக் காலத்துக் காவிய நாயகனின் கதைதானே!

இந்த விளக்கத்தை நான் வெகு காலம் நம்பியிருந்தேன். பிறகு ஒருநாள் அந்த ஆட்டத்தின் முழுப் பதிவையும் உட்கார்ந்து பார்த்தேன்.

இத்தாலியின் முதல் கோல், இடது பக்கத்திலிருந்து காப்ரீனி தூக்கிப் போட்ட பந்தை ரோஸ்ஸி தலையால் முட்டியது. இரண்டாவது, ஸெரேஸோ தன் பாதியிலேயே குறுக்கே அசட்டையாகத் தள்ளிய பந்தை ரோஸ்ஸி பறித்துக்கொண்டு போய்ப் போட்டது. 68-ஆம் நிமிஷத்தில் ஃபல்காவ் கணக்கை 2-2 ஆக்கினார். அடுத்த நிமிஷமே பயிற்சியாளர் என்ன செய்தார் தெரியுமா? சென்டர் ஃபார்வர்டு ஸெர்ஜின்யோவை வெளியே எடுத்துவிட்டு, வலது ஓரத்துக்கு உழைப்பாளியான பாவ்லோ இஸிடோரோவை அனுப்பினார். தாக்குதல் மோகத்தில் கண் மறைந்தவர் செய்கிற காரியமா இது? 74-ஆம் நிமிஷத்தில் மூன்றாவது கோல் விழுந்தது. அது ஒரு கார்னரிலிருந்து வந்தது. பிரேஸில்காரர்கள் எங்கோ எதிராளியின் கோலடியில் நடனமாடிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் கோல் வாசலில்தான் கூட்டமாக நின்றார்கள். பந்து அரைகுறையாக வெளியேறியது. டார்டெல்லி அதைத் திருப்பி உதைத்தார். வழியில் நின்ற ரோஸ்ஸி காலைக் கொடுத்தார். கோலுக்கு அருகிலேயே ஜூனியர் நின்றுவிட்டதால் ஆஃப்ஸைடும் இல்லை.

தற்காக்க மறந்ததால் தோற்றார்கள் என்று உலகம் சொல்கிற அந்த அணி, தற்காத்துக்கொண்டு நின்றபோதுதான் தோற்றது. 2-2க்குப் பிறகு அவர்கள் முற்றிலும் பின்வாங்கிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படியும் இல்லை. ஆனால் காவிய நாயகனின் கதை மட்டும் அந்தப் பதிவில் கிடைக்கவில்லை.

நெல்ஸன் ரோட்ரிகஸ் என்று பிரேஸிலில் ஒரு பெரிய நாடகாசிரியர் இருந்தார். கால்பந்தைப் பற்றியும் பத்திரிகைகளில் ஓயாமல் எழுதியவர். கிட்டப்பார்வை உள்ளவர். ஆட்டத்தின் பதிவு தம்முடைய அபிப்பிராயத்துக்கு விரோதமாக இருந்தால், அந்தப் பதிவு ஒரு முட்டாள் என்று சொல்லிவிடுவார். 1980-லேயே காலமாகிவிட்டதால் ஸாரியா ஆட்டம் அவர் கண்ணில் படவில்லை. பார்த்திருந்தால் என்னையும் அந்தப் பதிவோடு சேர்த்திருப்பார்.

இது எப்படி நிகழ்கிறது? ரஸிகன் முடிவிலிருந்து தொடங்குகிறான். முடிவு தெரிந்த பிறகு பின்னால் நடந்துபோய், அந்த முடிவுக்குத் தகுந்த ஒரு காரணத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருகிறான். 1990-ல் லாஸரோனி என்ற பயிற்சியாளர் ஐரோப்பிய முறையில் பின்களத்தில் மூவரை நிறுத்தி ஆடவைத்தார். அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தில் பெரும் பகுதி பிரேஸிலின் கையில்தான் இருந்தது. பந்து கோல் கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. மரடோனா ஒரு தடவை புகுந்து பந்தைத் தந்தார், கனீஜியா போட்டார், 0-1. உடனே, பிரேஸிலின் ஆத்மாவை விற்றதால் வந்த தோல்வி என்றார்கள். கடுமையாக உழைத்து ஆடுகிற டூங்கா என்ற நடுக்கள வீரரின் பெயரை வைத்து, 'டூங்கா யுகம்' என்று அந்தக் காலத்தையே வைதார்கள். நான்கு வருஷம் கழித்து, 1994-ல், அதே டூங்கா தலைவராக நின்று கோப்பையைத் தூக்கினார். 24 வருஷங்களுக்குப் பிறகு வந்த கோப்பை அது. அப்போதும் அழகில்லாத வெற்றி என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் உழைப்பாளியின் கால்கள் தேசத்தின் ஆத்மாவைக் கெடுத்துவிட்டன என்ற பேச்சு குறைந்துபோயிற்று.

ரொமாரியோவின் கதை இன்னும் வேடிக்கை. 1993-ல் அவரைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தார் பயிற்சியாளர் பரேய்ரா. ரஸிகர்கள் விடவில்லை. கடைசித் தகுதி ஆட்டத்துக்கு அவரை அழைத்தார். மரக்கானா மைதானத்தில் உருகுவேயை எதிர்த்து இரண்டு கோல்களையும் ரொமாரியோவே போட்டார். அடுத்த வருஷம் கோப்பையும் வந்தது. ரஸிகன் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. 2002-ல் அதே ரஸிகர்கள் அதே ரொமாரியோவைச் சேர்க்கச் சொல்லி அதே போல் கூச்சல் போட்டார்கள். ஸ்கொலாரி காதில் வாங்கவில்லை. அந்த வருஷமும் கோப்பை வந்தது. பயிற்சியாளர் சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த அபிப்பிராயமும் இங்கே பரீட்சிக்கப்படவே இல்லை என்பது தெரியும். முடிவு எந்தப் பக்கம் விழுந்ததோ, அந்தப் பக்கத்தில் நின்ற காரணத்துக்கு மாலை போட்டார்கள்.

இதெல்லாம் வேடிக்கைதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று வாசகர்கள் கேட்கலாம். நஷ்டம் உண்டு. அதற்கு 1950-க்குப் போகவேண்டும்.

அந்த வருஷம் ஜூலை 16-ஆம் தேதி, இதே மரக்கானாவில், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்கு முன்னால் பிரேஸில் உருகுவேயைச் சந்தித்தது. அன்றும் சமன் செய்தால் போதும், கோப்பை பிரேஸிலுக்கு. முதல் கோலையும் பிரேஸிலே போட்டது. பிறகு வலது ஓரத்தில் ஜீஜா என்பவர் பிரேஸிலின் பீகோடேயைத் தாண்டிப்போய்ப் பந்தை உள்ளே அனுப்ப, ஸ்கியாஃபீனோ அதைக் கோலாக்கினார். 79-ஆம் நிமிஷத்தில் ஜீஜா மறுபடி அதே வழியில் வந்தார். கோல்கீப்பர் பர்போஸா என்ன நினைத்திருப்பார்? முன்பு செய்ததுபோல் இப்போதும் உள்ளே அனுப்புவான் என்றுதான் எண்ணியிருப்பார்; அதைத் தடுக்க ஓர் அடி விலகினார். நியாயமான யோசனை. யாராக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பார்கள். ஜீஜா உள்ளே அனுப்பவில்லை. கம்பத்துக்கும் பர்போஸாவுக்கும் நடுவில் இருந்த சந்தில் நேராகவே அடித்துவிட்டார். 1-2.

ஜீஜா பழையபடியே செய்திருந்தால், பர்போஸா மதியூகி என்று பெயர் வாங்கியிருப்பார். ஓர் அடி. அவ்வளவுதான். அந்த ஓர் அடிக்காக அவர் 2000-ஆம் வருஷம் சாகிறவரை அந்தப் பழியைச் சுமந்தார். பர்போஸா, பீகோடே, ஜுவெனால் என்ற மூன்று பேர் மேல்தான் பழி விழுந்தது. மூவரும் கறுப்பர்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. முடிவிலிருந்து பின்னால் நடந்து போகிறவன் எந்தக் காரணத்தைப் பொறுக்குவான்? மனசில் ஏற்கெனவே தயாராக இருப்பதைத்தான். பிரேஸில் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை முப்பது வருஷம், நானோ ஐம்பது வருஷமாக அனுபவிக்கிறேன் என்ற கருத்தில் பர்போஸா முதுமையில் சொன்னார். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

இவ்வளவும் சொன்ன பிறகு நான் யோக்கியன்போல் எழுந்து போய்விட முடியாது. இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். நாவலின் முடிவு கூடிவரவில்லை. அது உண்மை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தாமல், ஏன் கூடிவரவில்லை என்று ஒரு காரணமும் சொன்னேன். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு கிழவி இரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறாள்; அங்கேதான் கதை வழி தவறிவிட்டது என்று தீர்மானமாக எழுதினேன். வாதம் கச்சிதமாக இருந்தது. பலர் பாராட்டினார்கள். இரண்டாம் பதிப்பு வந்தபோது நண்பர், "நீங்கள் எழுதினதைப் பார்த்தேன், அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன்" என்றார். புதிய பதிப்பைப் படித்தேன். முடிவு முன்போலவே கூடிவரவில்லை. கிழவிதான் இல்லை. நாவலில் உயிரோடு இருந்த ஒரே பகுதி அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே ரஸிகன் அபிப்பிராயமே சொல்லக்கூடாது என்கிறேனா? இல்லவே இல்லை. 1982 அணிக்கு இன்னொரு முறை வருகிறேன். கோப்பையைத் தவறவிட்ட டெலே ஸந்தானாவையே 1986 உலகக் கோப்பைக்கும் அழைத்தார்கள். ஜெயித்த 1994 அணியை மதிக்கிறார்கள். தோற்ற 1982 அணியை இன்றும் நேசிக்கிறார்கள். முடிவுக்குத் தலைவணங்க மறுத்து, எங்களுக்கு இதுதான் பிடித்தது என்று நாற்பது வருஷமாகச் சொல்கிற ரஸிகர்களைவிட உயர்ந்த விமரிசகர்கள் எங்கே இருக்கிறார்கள்? அந்த விஷயத்தில் ரஸிகன் சொல்வதே தீர்ப்பு. பயிற்சியாளரோ, பதிவோ, கோப்பையோ அதை மாற்ற முடியாது.

பிடித்தது, பிடிக்கவில்லை என்று ரஸிகன் சொல்கிறபோது நான் அவனை முழுக்க நம்புகிறேன். ஏன் என்று அவன் சொல்லத் தொடங்குகிறபோதுதான் பதிவை எடுத்து ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். என் நாவலில் நடுவில் அலுப்புத் தட்டுகிறது என்று வாசகர் கடிதம் எழுதினால், அலுப்புத் தட்டத்தான் செய்கிறது. எந்த இடத்தை வெட்டவேண்டும் என்று அவர் சொன்னால், வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறேன்.

நண்பரின் நாவலில் முதல் பதிப்புப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் படிக்கக் கொடுக்கிறேன்.