வால்வு ரேடியோ

பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவை உடனே பிளக்கில் சொருகக் கூடாது. மெழுகு பூசிய காகிதக் கெபாசிட்டர்கள் இதற்குள் கசியத் தொடங்கியிருக்கும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போவது கசிந்தால், தகடு சிவக்கப் பழுத்து வால்வே போய்விடும். அதை மாற்றிவிட்டு, குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுக் கரண்ட் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், மங்கினால் நிம்மதி. உள்ளே 250 வோல்ட்டோ அதற்கு மேலோ ஓடும், ஒரு கை சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

பொத்தானைத் திருகியதும் பாடாது. இழைகள் சிவந்து, தூசி சூடாகும் வாசனை கிளம்பி, அப்புறம்தான் மெல்ல ஓர் உறுமல். (டிரான்சிஸ்டர்காரர்களுக்கு இந்தப் பொறுமை ஏது?) சிலவற்றில் ‘மேஜிக் ஐ’ உண்டு, ஸ்டேஷன் பிடிபட்டதும் பச்சை ஒளியின் நடுவிலுள்ள நிழல் ஒடுங்கும். எனக்கு அதைவிட, ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட டயல் கண்ணாடிதான் பிடிக்கும். ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும்.