சகாராம் பைண்டரும் மூன்று தலைமுறைப் பார்வையாளரும்

மும்பைவாழ் தமிழர்க்கு மராத்தி நாடகமேடை அண்டை வீட்டுத் திண்ணையைப் போன்றது. அங்கே நடப்பதெல்லாம் காதில் விழும். எழுந்து சென்று எட்டிப் பார்ப்போர் சிலரே. மாதுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு நாடகம் என்றால் சென்னையிலிருந்து வரும் சபா நாடகம்தான். 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்தா மண்டபத்தில் குழந்தை குட்டிகளோடு அமர்ந்து, சிரித்து, இடைவேளையில் காப்பி குடித்துத் திரும்புவது நமக்குப் பழகிய இன்பம். அந்த மண்டபத்திலிருந்து சிறிது தொலைவிலேயே, தாதர் சிவாஜி மந்திரில், வேறொரு நாடக உலகம் கொதித்துக் கொண்டிருந்தது. அதன் சூடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் செய்தித்தாள் வழியாகத்தான்.

அவ்வாறு நுழைந்தவற்றுள் ஒன்று விஜய் தெண்டுல்கரின் ‘சகாராம் பைண்டர்’. 1972 மார்ச்சில் பம்பாயில் மேடையேறியது. கமலாகர் சாரங் இயக்கினார்; சகாராமாக நிளு புலேயும் சம்பாவாக லாலன் சாரங்கும் நடித்தனர். சில காட்சிகள் நடந்தேறிய பின் தணிக்கைக் குழு குறுக்கிட்டுப் பல வெட்டுகளைக் கோரிற்று. குழுவினர் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடி, வழக்காடி, வென்றனர். அந்நாளைய போராட்டத்தைக் கமலாகர் சாரங் தனி நூலாகவே மராத்தியில் எழுதி வைத்தார். இன்று ஆசிரியரும் இல்லை. இயக்கியவரும் நடித்த அவ்விருவரும் இல்லை. நாடகம் இருக்கிறது. அதைக் காண்போர் மாறிக்கொண்டே இருக்கின்றனர். இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது அந்தக் காண்போரைத்தான்.

கதையை அறியாதார்க்காகச் சுருங்கச் சொல்வோம். சகாராம் அச்சகத்தில் புத்தகம் கட்டும் தொழிலாளி. பிறப்பால் அந்தணன், தகப்பனின் அடி பொறாமல் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடியவன். திருமணத்தில் நம்பிக்கை இல்லாதவன். கணவனால் துரத்தப்பட்ட பெண்களை, நம் ஊர்ப் பேச்சில் ‘வாழாவெட்டி’ என்கிறோமே, அவர்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்கிறான். உணவும் உடையும் உண்டு. அவன் சொன்னதெல்லாம் செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் புடைவையும் பணமும் பயணச்சீட்டும் பெற்றுக்கொண்டு போகலாம். இவற்றையெல்லாம் அவன் ஒளிக்காமல் முதற்காட்சியிலேயே சொல்லிவிடுகிறான். ஏழாவதாக வருபவள் லட்சுமி. பூசையும் நோன்பும் உடையவள், எறும்போடும் பேசுகிறவள். அவள் போனபின் வருபவள் சம்பா, போலீஸ் ஃபௌஜ்தார் ஒருவனை விட்டுவிட்டு வந்தவள், வாய்த்துடுக்குக்காரி, இரவைப் பொறுத்துக்கொள்ளக் குடிப்பவள். போக்கிடமின்றி லட்சுமி திரும்பி வருகிறாள். ஒரு கூரையின்கீழ் இருவர். சகாராமின் உடல் வலிமையும் திமிரும் தளர்கின்றன. சம்பா அவன் நண்பன் தாவூதிடம் செல்கிறாள் என்பதை லட்சுமியின் வாயாலேயே அவன் அறிகிறான். சம்பாவைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். சிலையாகிப்போன அவனைத் தேற்றி, பிணத்தைப் புதைக்கக் குழி வெட்ட முற்படுபவள் எறும்புக்கும் இரங்கிய அதே லட்சுமி.

1972இல் இந்நாடகத்தைக் குறித்து எழுந்த கூக்குரலை இன்று எண்ணிப் பார்த்தால் ஒன்று வியப்பைத் தருகிறது. அன்று சினந்தவர்கள் எதைக் கண்டு சினந்தார்கள்? சகாராமின் வசைச்சொற்களை. சம்பா மேடையில் குடிப்பதை. அவள் சேலை மாற்றும் காட்சியை. திருமணம் என்னும் அமைப்பையே நாடகம் இழிவு செய்கிறது என்றார்கள். ஆனால் லட்சுமி அடிபடுவதைக் கண்டோ, சம்பா கொல்லப்படுவதைக் கண்டோ அதே அளவுக்குக் குரல் எழவில்லை. பெண்ணின் வாயில் கெட்ட சொல் வந்தது குற்றமாயிற்று. அவள் கழுத்தில் ஆணின் கை வந்தது கதையாயிற்று! நம்மவர் வீடுகளிலும் இதே பேச்சுத்தான். மராத்தி அறியாத நம் பெரியவர்கள் நாடகத்தைக் காணாமலே, பெண் குடிக்கிறாளாம் என்று முகம் சுளித்தார்கள்.

இம்முகச்சுளிப்பை நாம் ஏளனம் செய்யவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு மானம் என்பது கையோடு கொண்டு வந்த ஒரே நகை. அயல்மொழி நகரத்தில், ஒற்றை அறைக் குடியிருப்பில், பெண்மக்களை வளர்த்தவர்கள் அச்சம் கொண்டதில் வியப்பில்லை. தவிரவும் நாடகத்தைக் கண்டு அஞ்சுவது அவர்களுக்கு மட்டுமே உரிய குணமும் அன்று. ஆள்வோர்க்கும் அது உண்டு. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் கிளப்பிய கலகத்தை ஒட்டி 1954இல் சென்னை மாகாணத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததை அப்பெரியவர்கள் அறிந்திருந்தனர். அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல்தான். நாடகாசிரியரும் இதழாளருமான ஞாநி தொடுத்த வழக்கு அது.

அடுத்த தலைமுறை நாம். 1970களில் கல்லூரியிலோ முதல் வேலையிலோ இருந்தவர்கள். சகாராமை நாம் கொடியாக ஏந்தினோம். தெண்டுல்கரின் ‘கிதாடே’, அதாவது கழுகுகள், 1970இல் ஸ்ரீராம் லாகூ இயக்கத்தில் மேடையேறியபோது நடந்ததை நண்பர்கள் வாய்க்கு வாய் சொல்லி மகிழ்ந்தார்கள். கருச்சிதைவுக்குப் பின் வரும் பெண்ணின் சேலையில் இருந்த சிவப்புக் கறையைத் தணிக்கையாளர் அனுமதிக்கவில்லை. குழுவினர் கறையை நீலமாக்கினர். பிறகு காட்சி தொடங்குமுன் மேடையிலிருந்து அறிவித்தனர்: ஆணைப்படி கறை நீலமாக உள்ளது, அவையோர் அதைச் சிவப்பென்றே கொள்க என்று. அதிகாரத்தை இதைவிட நயமாக யாரும் எள்ளியதில்லை.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடகத்தின் உரிமைக்காக வாதாடிய நாம் நாடகத்தைக் கவனித்தோமா? சகாராம் முதல் அங்கத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களின் போலித்தனத்தைக் கிழிக்கும்போது கைதட்டினோம். நிளு புலே தமாஷா மேடையில் பயின்ற நடிகர். சொல்லை எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் வீசினால் அவை சிரிக்கும் என்பதை அறிந்தவர். சிரித்தோம். அவன் லட்சுமியை அதட்டும்போதும் சிரித்தோம். ஆசிரியர் வைத்த கண்ணி அங்கேதான் இருந்தது என்பது அப்போது புலப்படவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் ஒன்றாகச் சொன்னார். எள்ளுகிறவனோடு சேர்ந்து சிரிப்பவன் எள்ளப்படுகிறவளைப் பார்ப்பதில்லை. சகாராமைப் புரட்சியாளன் என்று எண்ணிய நம் தலைமுறை, அவன் தாலி கட்டாத கணவன் மட்டுமே என்பதைக் காணத் தவறியது. கணவனின் அதிகாரம் அனைத்தையும் வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கழற்றி எறிந்தவன் அவன்.

அதே 1972இல் ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அந்நாவலுக்கு வித்தாகிய ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வெளியானபோது தமிழ் வீடுகளில் இப்படித்தான் தலைமுறைகள் பிரிந்து நின்றன. கெட்டுப்போன மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, போய்விட்டது என்று சொன்ன தாயை மன்னிக்க முடியாதவர்கள் பலர். அங்கும் சினம் முழுவதும் தாயின் மேலும் மகளின் மேலும் எழுத்தாளரின் மேலும் பாய்ந்ததே ஒழிய, காரில் வந்தவனைப் பற்றிப் பேசினோர் குறைவு. தமிழ்ப் படைப்பில் ஒரு தாயின் பரிவு உண்டு; தெண்டுல்கரிடம் அந்த ஆறுதலும் இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டிய கை குழி வெட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நாடகத்தின் இந்தி வடிவம் ஒன்றை ஒரு சிறு அரங்கில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உடன் வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒரு மூதாட்டியும், அவர் பேத்தியும். பேத்தி கல்லூரி மாணவி. ஆச்சியைத் தனியே வீட்டில் விட மனமின்றி அழைத்து வந்திருந்தாள். நாடகம் எத்தகையது என்பதை அறிந்திருந்த நாம் உள்ளூரக் கலங்கினோம் என்பது உண்மை.

வசைச்சொற்களுக்கு அந்தப் பெண் கண் இமைக்கவில்லை. சம்பா குடித்தபோதும் அவ்வாறே. இவற்றையெல்லாம் தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் கேட்டும் கண்டும் வளர்ந்த தலைமுறை அது. ஆனால் சகாராம் லட்சுமியை அடிக்கும் காட்சியில் பின்வரிசையிலிருந்து நடுவயதினர் இருவர் சிரித்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை நம்மையும் தொட்டது. அந்தச் சிரிப்பு ஒரு காலத்தில் நம்முடையதாக இருந்தது. இடைவேளையில் அவள் கேட்டாள்: “இந்த நாடகம் யார் பக்கம்?” நாம் கலை எவர் பக்கமும் நிற்பதில்லை என்று ஏதோ சொன்னோம். “அடிபடுகிறவள் மேடையில் இருக்கிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஏன் எழுத வேண்டும்?” என்றாள்.

இதற்கு விடை எளிதன்று. சிரிக்கவைத்துப் பின் அச்சிரிப்பின் விலையைக் காட்டுவதே ஆசிரியரின் நோக்கம் என்று நாம் கருதுகிறோம். ஆனால் விலையைக் காட்டும் இறுதிப் பகுதி சற்று விரைகிறது. தாவூதின் மாற்றம் மேடையில் போதிய அளவு வேர்கொள்ளவில்லை. லட்சுமி எறும்புக்கு இரங்கியவள் என்பதிலிருந்து குழி வெட்டுபவள் என்பதற்கு வரும் வழியை நடிகையின் ஆற்றலே நிரப்பவேண்டி இருக்கிறது. நாம் கண்ட காட்சியில் அந்நடிகை அதை நிரப்பினார். தன்னைக் கடவுள் கைவிடமாட்டார் என்று சகாராமுக்குச் சொல்லும்போது அவர் குரல் சிறிதும் உயரவில்லை. அரங்கம் உறைந்தது. முற்றிலும் அடங்கியவளாகத் தோன்றியவளே வீட்டை வென்றெடுக்கும் கொடுமையை அந்த அடங்கிய குரல் உணர்த்தியது. ஆயினும் சம்பாவின் சாவு கதையின் முடிச்சை அவிழ்க்கும் கருவியாகிவிடுகிறது என்னும் பேத்தியின் குறையை நாம் மறுக்கப் போவதில்லை. துணிந்து கணவனை விட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். கூட்டி வரப்பட்ட மற்றவர்கள் துரத்தப்பட்டவர்கள். அவளை உயிரோடு வாயில் தாண்ட விடுவதற்கு ஆசிரியர்க்கு மனம் வரவில்லையா, அன்றி அவளை உயிரோடு விடாத உலகத்தைத்தான் காட்டினாரா? இரண்டாவது என்று நம் தலைமுறை அடித்துச் சொல்லும். நாம் இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டோம்.

மூதாட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். நாடகம் முழுவதும் அவர் முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார். இந்தி அவருக்குக் கடைத்தெரு அளவிலேயே தெரியும். எனினும் நடந்தது அனைத்தும் விளங்கியிருந்தது. சம்பாவின் குடியைப் பற்றியோ சேலையைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. நாம் அஞ்சிய அந்த முகச்சுளிப்பு வரவே இல்லை. அரங்கை விட்டு வெளியே வந்து, இளையவள் லட்சுமியை ‘விஷம்’ என்று திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாய் திறந்தார்.

“ஏட்டி, இவன் செயிலுக்குப் போயிட்டா அந்த லட்சுமிக்கு யாரு சோறு போடுவா?”

பேத்திக்கு மறுமொழி தோன்றவில்லை, நமக்கும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக இந்நாடகத்தைப் பற்றிப் படித்தும் பேசியும் வந்த நாம், லட்சுமி ஏன் பிணத்தைப் புதைக்க விரைகிறாள் என்பதற்குப் பக்தியின் போலித்தனம், அடக்கப்பட்ட வெறி என்றெல்லாம் காரணம் கண்டிருக்கிறோம். சகாராம் பிடிபட்டால் அவளுக்கு அந்தக் கூரை இல்லை. அமள்நேரில் இருந்த உறவினன் வீட்டிலிருந்து ஏற்கெனவே துரத்தப்பட்டாயிற்று. மூன்றாவது வீடு கிடையாது என்னும் கணக்கை நாம் போடவில்லை. மூதாட்டி அதைத்தான் முதலில் போட்டார். லட்சுமியை அவர் நியாயப்படுத்தவில்லை; “பாவிமட்டை” என்றும் ஒரு சொல் சொன்னார். அந்தப் பாவியின் நாளைய சோற்றை மட்டும் அவர் மறக்கவில்லை.

தாதரில் மின்வண்டி ஏறினோம். கூட்டம் குறைவாக இருந்தது. பேத்தி ஆச்சியின் கையைப் பிடித்தபடி, “உங்களுக்கு இப்படி யாரையாவது தெரியுமா ஆச்சி?” என்று கேட்டாள். மாதுங்கா வரை அவர் பேசவில்லை. பிறகு, தம் தெருவில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி, பெயர் சொல்லாமல், நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். பேத்தி பிறந்தது முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அதுவரை கேட்டிராத கதை அது. சயானில் நாம் இறங்கும்போதும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.