மூன்றாமவர்: திரு.வி.க.வின் அறப்போர்க் கருத்தும் 1921ஆம் ஆண்டுப் பெரம்பூரும்

அறப்போர் என்னும் சொல் இன்று வன்முறை நீங்கிய போராட்டத்தைக் குறிக்கின்றது. சங்கச் சான்றோர் கண்ட போரறம் இதனின் வேறுபட்டது. அங்குப் போரும் உண்டு, கொலையும் உண்டு. எனினும் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறப்பாட்டில், ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையாரும் புதல்வரைப் பெறாதாரும் அரண் சேருமாறு முன்னரே அறிவிக்கப்படுகின்றனர். போரிடும் இருவரும் அல்லாத மூன்றாமவரைக் காத்தலே அங்கு அறம் எனப்பட்டது. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தை உணர்த்தும் சொல்லாக அறப்போர் வழங்கத் தொடங்கியபோது கொலை விலகிற்று. அதனோடு அம்மூன்றாமவர் பற்றிய நினைவும் சொல்லினின்று விலகிவிட்டது. இம்மாற்றத்தின் விளைவைத் திரு.வி. கலியாணசுந்தரனாரின் எழுத்திலும் வாழ்விலும் காணலாம்.

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. வாடியா தலைமை தாங்கினார்; திரு.வி.க. துணை நின்றார். ஆனால் அச்சங்கம் தோன்றிய இடம் இலக்கிய மாணவர் கருதத்தக்கது. செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் பெரம்பூர்ப் பகுதியில் நடத்திவந்த வேங்கடேச குணாமிர்த வருஷிணி சபை என்னும் பத்தி மன்றமே அதன் விளைநிலம். பக்கிங்காம், கருநாடக ஆலைகளின் தொழிலாளர் புராணம் கேட்கக் கூடிய இடத்திலேயே கூலி பற்றியும் பேசத் தொடங்கினர். ஆதலின் தமிழ்நாட்டுத் தொழிலாளர் மேடைமொழி சமயச் சொற்பொழிவின் வயிற்றிற் பிறந்த மொழி எனலாம். அதனைப் பேசியவரும் 1907ஆம் ஆண்டிலேயே பெரியபுராணத்துக்குக் குறிப்புரை கண்டவர்.

இப்பின்னணி திரு.வி.க.வின் அறப்போர்க் கருத்துக்கு உருவம் தந்தது. அவர்தம் வன்முறை மறுப்பைக் காந்தியடிகளிடமிருந்து பெற்றதாக மட்டும் கூறுவாரும் உளர். ‘மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்’ என்ற நூலும் 1921-இல் வெளிவந்தது. ஆயினும் அடிகளை ஏற்றுக்கொள்ளும் மனநிலம் அவருக்கு முன்னரே பண்பட்டிருந்தது; அடியவர் தம்மையே வருத்திக்கொள்ள, இறைவன் அதனைக் கண்டு இரங்கும் கதைகளால் பண்பட்டிருந்தது. இதனைத் திருவொற்றியூர்க் கலிய நாயனார் வரலாறு கொண்டு விளக்கலாம்.

கலியர் செக்குத் தொழில் மரபினர். ஒற்றியூர்க் கோயிலில் இரவும் பகலும் விளக்கெரித்துப் பொருள் இழந்தார். பின்னர்ப் பிறர் செக்கில் கூலியாளாய் உழைத்தார். அக்கூலியும் அற்றபோது மனையை விற்றார். மனைவியை விற்கவும் முற்பட்டார். (இச்செயலை அறவழி என எவரும் பாராட்டுதல் வேண்டா, சேக்கிழார் காலத்துப் பத்தியின் எல்லை அது.) கொள்வார் இலராக, எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து மிடற்றை அரிந்தார். இறைவன் அவர் கையைப் பற்றினான். இதில் இருவரே உளர்: வருந்துவோன் ஒருவன், காண்போன் ஒருவன். ஆலை முதலாளியின் உள்ளத்தைத் தொழிலாளியின் துன்பம் உருக்கும் என்னும் நம்பிக்கையும் இவ்விருவர் நாடகத்தின் வழிவந்ததே. இறைவன் இருந்த இடத்தில் பின்னி நிறுவனத்தார் அமர்ந்தனர், அவ்வளவே வேற்றுமை.

எனினும் சேக்கிழார் இங்கு நாம் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றனை ஓரடியளவில் வைத்துள்ளார். கலியருக்குக் கூலி கிட்டாமற் போனமைக்கு அவ்வேலை செய்வார் பலராயினர் என்பதே காரணம். ஆக, ஒற்றியூரிலும் மூன்றாமவர் இருந்தார். செக்கு வாசலில் கலியருக்கு முன்னரே வந்து நின்ற அக்கூலியாளர் பெயரற்றவர். அவர் ஏன் வந்தார், அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று காப்பியம் வினவவில்லை. கலியரின் கத்தி அவர்மீது திரும்பவில்லை என்பது உண்மையே. ஆனால் கதை அவரை நோக்கவும் இல்லை.

பெரம்பூரில் நிகழ்ந்தது யாது? முந்தைய ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தால் தொழிலாளர் நலிந்திருந்தனர். 1921-ஆம் ஆண்டு மே மாதம் கருநாடக ஆலையில் தொடங்கிய பூசல் சூன் 20ஆம் நாள் பக்கிங்காம் ஆலைக்கும் பரவிற்று. ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலோர் இம்முறை வேலைக்குச் சென்றனர்; எம்.சி. இராசா அவர்கள் பக்கம் நின்றார். அம்மாத இறுதியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் காவலர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் கோரியது பெறாமலே முடிந்தது. திரு.வி.க. அமைதியை வற்புறுத்தினார் என்பதில் ஐயமில்லை; ஆளுநர் வெலிங்டன் அவரை அழைத்து எச்சரித்தமையும் வரலாறு. ஆயினும் தொழிலாளர் சினம் வெள்ளையர் மாளிகைமீது பாயவில்லை. மூன்றாமவர் குடிசைமீது பாய்ந்தது. அறப்போர்க் கருத்தில் எவருக்கு இடம் வகுக்கப்படவில்லையோ, அவர்மீதே வன்முறை விழுந்தது.

நிருவாகமும் அரசும் வகுத்த சூழ்ச்சியே பிளவுக்குக் காரணம் என்பது தொழிற்சங்கச் சார்பினர் கூற்று. அதில் உண்மை உண்டு. பிளவினால் பயனடைந்தவர் யாவர் என்பது வெளிப்படை. ஆனால் இல்லாத விரிசலில் ஆப்பு இறங்காது. சேரியில் வாழ்ந்த ஆலைத் தொழிலாளிக்குச் சங்கத்திலும் தெருவிலும் கிடைத்த இடம் பிறருக்குக் கிடைத்த இடம்தானா என்ற வினாவை எழுப்பாமல் சூழ்ச்சியை மட்டும் பேசுதல் ஆராய்ச்சியாகாது.

இனி, அகமதாபாதை நோக்குவோம். அங்கு 1918-ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் காந்தியடிகள் நடத்தியபோது நான்கு நெறிகளை முன்வைத்தார்: வன்முறை கூடாது, வேலைக்குச் செல்வோரைத் துன்புறுத்தலாகாது, பிறர் ஈகையை நம்புதல் ஆகாது, எத்துணை நாள் நீளினும் உறுதி தளராது வேறு நேரிய தொழிலால் உண்ணுதல் வேண்டும். இவற்றுள் இரண்டாவதே நம் பொருளுக்கு இன்றியமையாதது. ‘வன்முறை கூடாது’ என்ற முதல் நெறிக்குள் அஃது அடங்கிவிடும் எனக் கருதாமல் அடிகள் அதனைத் தனியே எடுத்துரைத்தார். போராட்டம் தளரத் தளரத் தொழிலாளர் வேலைக்குச் செல்வோர்மீது சினம் கொள்ளலாயினர் என்பதனைத் தம் தன்வரலாற்றிலும் குறித்துள்ளார். முதலாளியைத் தாக்க இயலாத கை அயலானைத் தாக்கும் என்பதனை அவர் கண்டுணர்ந்திருந்தார். அடியவர் கதைகளில் ஊறிய உள்ளத்துக்கு இஃது எளிதில் புலப்படுவதன்று. இவ்விடத்தில் அடிகளின் சிந்தனை திரு.வி.க.வினும் கூரியது என்றே கூறுதல் வேண்டும்.

ஆனால் அகமதாபாது நெறியும் முழுமையானதன்று. துன்புறுத்தாதே என்று அது தடுக்கிறது. அவன் ஏன் சென்றான் என்று அதுவும் கேட்கவில்லை. அவ்வினாவுக்கு உரிய விடை திரு.வி.க. போற்றிய மற்றொரு மரபில் இருந்தது. இராமலிங்க அடிகள் சென்னையில் வாழ்ந்த நாளில் ஒற்றியூருக்குச் சென்று பாடிய பாடல்கள் பல. அவர்தம் சீவகாருணியக் கொள்கையில் கொலை மறுத்தலோடு பசி தீர்த்தலும் இணைந்தே நிற்கின்றது. பசியே உயிர்களுக்கு நேரும் துன்பங்களுள் தலையாயதாக வைக்கப்படுகின்றது. 1867-இல் வடலூரில் அமைந்த தருமச்சாலை அதன் செயல்வடிவம். சன்மார்க்கம் என்ற சொல்லைத் திரு.வி.க. தம் எழுத்தெங்கும் ஆண்டார். அடிகளைப் பற்றித் தனிநூலும் இயற்றினார். எனினும் அவர் கைவரப்பெற்ற சன்மார்க்கத்தில் ஒருமை, சமரசம், அன்பு என்னும் பொதுச்சொற்களே மேலோங்கின. பசி என்னும் பருப்பொருள் பின்னே நின்றது. அவருடைய உரைநடையின் அழகும் இதற்கு ஓரளவு துணைபோயிற்று. குறுவாக்கியங்கள் அலையலையாக எழுந்து உணர்வை ஒரு முகமாக்கும் நடை அது; பிரிந்து நிற்போனின் நியாயத்தை எடைபோடும் நடை அன்று.

1944-இல் வெளிவந்த ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ தொழிலாளர் இயக்கத்துக்குத் தமிழிற் கிடைத்த பெருஞ்சான்று. நேர்மை மிக்கதாயினும் அது சங்கத் தலைவர் ஒருவர் சங்கத்தின் பக்கம் நின்று எழுதிய நூல். முதுகலை வகுப்புகளில் அதனை உரைநடை நயத்துக்காக மட்டும் கற்பிக்கின்றோம். 1921ஆம் ஆண்டுப் பகுதியைக் கற்பிக்கும்போதேனும், அந்நாளில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராயிருந்த எம்.சி. இராசா ஆதிதிராவிடர் சார்பில் எடுத்துரைத்தவற்றை அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். செக்கு வாசலில் நின்ற பெயரற்ற கூலியாளரின் தரப்பை மாணவர் அப்போது கேட்கக்கூடும்.